அறுபத்து மூன்று ஃபிரேம்கள்

மார்ச் 4, செவ்வாய்

லினக்ஸில் அறுபத்து மூன்று. விண்டோஸில் ஐம்பத்து ஒன்று. மூன்று முறை ஓடவிட்டும் அதேதான்.

நாங்கள் செய்யும் லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் ஆட்டத்தின் மலைப்பாதையில் ஒரு நொடிக்கு எத்தனை படங்கள், அதாவது ஃபிரேம்கள், வரையப்படுகின்றன என்பதுதான் இந்த எண். கூடினால் லாரி வழுக்கிக்கொண்டு போகும், குறைந்தால் திக்கும். விண்டோஸுக்கென்று எழுதிய ஆட்டம் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் அதைவிட வேகமாக ஓடுகிறது என்றால் யார் நம்புவார்கள்? சோதிக்கிற நானே நம்பவில்லை. அதனால்தான் மூன்று முறை.

இதைக் கேட்டதும் சீஃப் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய முதலாளி. "அக்கா, இதை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டுங்க" என்றார். ஒட்டினேன். கையில் வைத்து விளையாடும் கருவி செய்கிற ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது. அவர்கள் கருவி லினக்ஸில்தான் ஓடுகிறது. அதில் நன்றாக ஓடும் ஆட்டம் என்றால் தங்கள் ஆன்லைன் கடையின் முகப்பிலேயே போடுவார்களாம். நாங்கள் பதினொரு பேர் இரண்டு வருடமாக மாரடிப்பது அதற்குத்தான்.

பக்கத்து மேஜை விண்டோஸ்காரர் மட்டும் வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வாரமாக விண்டோஸ் பக்கத்தை வேகப்படுத்துகிறவர் அவர்தான். "ஏம்மா, என் பக்கம் நான் எதையும் ஒளிச்சு வைக்கல. இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும்" என்றார். நான் சிரித்தேன். மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு நாற்பத்து மூன்று வயதில் வேலைக்குத் திரும்பியவள், ஒரு நாள் சிரித்துக்கொள்ளக் கூடாதா?

மார்ச் 5, புதன்

போகும்போதும் வரும்போதும் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8, சனி

என் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்க்கட்டும் என்று, சோதனைக்குப் புதிதாக வந்த கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டிரைவிங் ஸ்கூலில் இருபது வருடமாக வண்டி கற்றுத் தருகிறவர். சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. மலைப்பாதை வந்தது.

"இங்க பனிமூட்டம் பயங்கரமா இருக்கும், பார்த்துப் போங்கன்னு சொன்னியே?"

"ஆமா."

"எங்க? பளிச்சுனு இருக்கு. கடைசி வளைவு வரைக்கும் தெரியுது. லைட்டே போட வேண்டியதில்ல."

வாங்கிப் பார்த்தேன். மூட்டம் இல்லை. பொட்டுக்கூட இல்லை. கண்ணாடி மாதிரி மலை.

அந்தப் பாதையில், படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டின் பாதி உழைப்பைத் தின்பதே மூட்டம்தான். அதை வரையவே இல்லை என்றால் வேகமாக ஓடாமல் என்ன செய்யும்? சரக்கை இறக்கிவிட்டு ஓடின லாரி.

"எனக்கு வசதியாத்தான் இருக்கு" என்கிறார் இவர்.

மார்ச் 9, ஞாயிறு, காலை ஐந்தரை

தூக்கம் வராததால் எழுந்துவிட்டேன்.

இந்த ஒரு கருவியில் மட்டும் கோளாறாக இருக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் மூட்டம் இருக்கும். இருக்கணும். இருந்தே ஆகணும்.

ஆனால் நான் பார்த்தேனா? பார்க்கவில்லையே. சோதனை அறையில் எட்டு லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் திரை கிடையாது. அறை சூடாகிறது, எண் வந்தால் போதும், படம் எதற்கு என்று திரைகளைக் கழற்றச் சொன்னதே நான்தான். மற்றவர்கள் மேஜையில் எல்லாம் விண்டோஸ். அங்கே மூட்டம் அழகாக வருகிறது. லினக்ஸில் எங்கள் மலையை ஒருவருமே கண்ணால் பார்த்ததில்லை.

மார்ச் 10, திங்கள்

எல்லாருக்கும் முன்னால் போய் ஒரு திரையைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினேன். எட்டிலும் மூட்டம் இல்லை.

காரணமும் தெரிந்துவிட்டது. அதுதான் இன்னும் கேவலம். மூட்டம், மழை, நிழல் என்று ஒவ்வொன்றையும் வரைய கார்டுக்கு ஒரு சின்ன நிரல் போகும், ஷேடர் என்போம். அதில் ஏதாவது ஒன்று தயாராகாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், சோதனையும் பாதியில் கிடக்கும். அந்தத் தொல்லை வேண்டாமென்று, தயாராகாததை விட்டுவிட்டு மேலே போ என்று ஜனவரியில் ஒரு வரி எழுதினேன். நான். என் கையால். மூட்டத்தின் ஷேடர் லினக்ஸில் தயாராகவில்லை. ஆட்டம் சொன்ன பேச்சைக் கேட்டு, சத்தமில்லாமல் மேலே போய்விட்டது.

கார்டை இயக்குகிற மென்பொருளை, டிரைவர் என்போம், மாற்றிப் போட்டதும் மூட்டம் வந்தது. எண்: நாற்பத்து நான்கு. விண்டோஸைவிட ஏழு குறைவு.

சீஃபிடம் சொல்லத்தான் அவர் அறைக்குப் போனேன். உள்ளே யாரிடமோ ஃபோனில் "எங்க டெஸ்டிங் அக்கா மூணு தடவ பார்த்துட்டாங்க, அறுபத்து மூணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கருவிக் கம்பெனிக்காரர்கள். கதவுக்கு வெளியே நின்றேன். பிறகு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

விண்டோஸ்காரருக்கு லெட்டர் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் முப்பத்தொன்றோடு சரி. லினக்ஸ் பக்கம் ஒன்றரை மாதத்தில் இவ்வளவு வேகம் வந்தது, விண்டோஸ் பக்கம் ஆறு வாரத்தில் ஒன்றும் நகரவில்லை, இனி அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை என்று எழுதியிருக்கிறதாம். என் தாளின் நகலைப் பின்னால் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.

அவர் பக்கத்தில் ஆட்டம் மூட்டத்தையும் வரைந்தது. அதனால் மெதுவாக ஓடியது. அவ்வளவுதான் அந்த மனுஷன் செய்த குற்றம்.

நேற்றே வாயைத் திறந்திருந்தால் இந்த லெட்டர் வந்திருக்காது. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 12, புதன்

காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை. ஃபோன் அதிரும்போதெல்லாம் தெரிந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்க்கிறேன். பால்காரரின் மெசேஜைக்கூட இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் விண்டோஸ்காரர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகவும் முடியவில்லை.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? போறதுக்கு முன்னாடி கத்துக்கிட்டுப் போறேன். அந்த அறுபத்து மூணு எப்படி வந்துச்சு?" கேலி இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை வேறு எடுத்துவிட்டார். "நாளைக்கு வேற எங்கயாவது போய் நிக்கும்போது உதவுமில்ல?"

"புது டிரைவர்ண்ணா" என்றேன். "அதுல ஒரு மாத்தம் பண்ணியிருக்காங்க."

"ஓஹோ" என்று எழுதிக்கொண்டார். எழுத்துக் கூட்டி, அழுத்தி எழுதினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

சொல்லிட்டேன். சீஃப்கிட்ட.

போகிற வழியில் இரண்டு முறை திரும்பி வந்து மறுபடி போனேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேதான் பேசினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வேற யாருக்காவது தெரியுமாக்கா?" என்றார்.

"தெரியாது."

"தெரிய வேண்டாம். எண் போயாச்சு. நீங்க அடுத்த மாசத்துக்குள்ள அத நிஜமாக்கிடுங்க."

"அண்ணாவோட லெட்டர்?"

"அதை இதோட முடிச்சுப் போடாதீங்க." கதவைத் திறந்துவிடும்போது மெதுவாகச் சொன்னார்: "உங்களை விடணும்னு எனக்கு எண்ணமில்லக்கா. நீங்களா எதையும் இழுத்து விட்டுக்காதீங்க."

சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு ஏறியிருக்கிறது. இதுவரை தனியாகப் பொய் சொன்னேன், இப்போது கூட்டு.

மார்ச் 16, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"உனக்குத் தெரியும். உங்க சீஃபுக்கும் தெரியும். தெரியாதது யாருக்கோ, அவருக்குத்தான் வேலை போகுது."

"சொன்னா எனக்குப் போயிடும்."

"போகலாம்."

போகாது என்று ஒரு பேச்சுக்காவது சொல்லக் கூடாதா? கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். போன வேலையைத் திரும்பப் பிடிக்க எத்தனை வாசல் ஏறினேன், எத்தனை பேர் "இடையில மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள் என்று இவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் "போகலாம்" என்கிறார். எனக்குப் பயமாயிருக்கு. ரொம்பப் பயமாயிருக்கு.

மார்ச் 17, திங்கள்

காலை பதினொன்று பத்துக்கு எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். மூட்டத்தோடு ஒரு படம், மூட்டமில்லாமல் ஒரு படம். மூன்று எண்கள். ஜனவரியில் நான் எழுதிய அந்த வரி. "விண்டோஸ் பக்கத்து வேலையில் குறை இல்லை, என் அளவீடு தவறு, போன திங்களிலிருந்து எனக்குத் தெரியும்" என்று கடைசியில் சேர்த்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான்கு முறை அழித்து ஐந்தாவது முறை விட்டேன்.

அனுப்பிவிட்டுக் கழிவறையில் போய்ப் பூட்டிக்கொண்டு நின்றேன். வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

மார்ச் 18, செவ்வாய்

பதினொரு பேரும் ஒரே அறையில். சீஃப் முகம் சிவந்து கிடந்தது. "எனக்கும் வெள்ளிக்கிழமையே தெரியும்" என்று அவரே சொல்லிவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கருவிக் கம்பெனியிடம் தானே பேசுவதாகவும், லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விண்டோஸ்காரர் எல்லாரும் போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

"வியாழக்கிழமை நான் கேட்டப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்ணா."

"நான் எழுதிக்கிட்டேனே" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

மார்ச் 24, திங்கள்

என் வேலை போகவில்லை. ஆனால் நான் ஒரு எண் சொன்னால் இரண்டு பேர் வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் முதுகு கூசுகிறது.

கருவிக் கம்பெனி ஏப்ரல் பாதி வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. விண்டோஸ்காரரும் நானும் சேர்ந்து வேகப்படுத்த வேண்டும் என்று சீஃப் உத்தரவு. அவர் மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டார். எட்டடி தூரத்தில் இருந்துகொண்டு மெயிலில்தான் பேசுகிறார்: "மூட்டத்தைப் பாதி அளவில் வரைந்து பெரிதாக்கிப் பார்க்கவும்." நான் "சரி" என்று பதில் போடுகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

பாதி அளவில் வரைந்தால் லினக்ஸில் நாற்பத்து ஒன்பது. திக்கல் மட்டும் போகவில்லை. ஓடும்போதுதான் ஷேடர்களைத் தயார் செய்கிறது, அதுதான் காரணம். லாரி கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் தயார் செய்யச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு எழுதினேன். பதிலில்லை. ஆனால் மாலை பார்த்தால் அதற்கான வேலையைத் தொடங்கியிருந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் "வணக்கம்ணா" என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

ஜனவரி வரியை எடுத்துவிட்டேன். இனி ஏதாவது தயாராகாவிட்டால் ஆட்டம் அப்படியே நிற்கும். இன்று நான்கு முறை நின்றது. நான்கு முறையும் எனக்கு உயிர் போய் வந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றைக்குக் கருவிக் கம்பெனிக்கு அறிக்கை போயாக வேண்டும். அறிக்கை எழுதுவது விண்டோஸ்காரர், கீழே பெயரும் அவருடையது. நான் ஆறு முறை ஓடவிட்டு, ஆறு முறையும் கண்ணால் பார்த்தேன். ஏழாவது ஓடிக்கொண்டிருந்தபோது ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எத்தனம்மா?"

மூன்று வாரத்துக்கு மேலாகிறது அந்தக் குரல் என் பக்கம் வந்து. எழுந்தே நின்றுவிட்டேன்.

"லினக்ஸ் அம்பத்து நாலு. விண்டோஸ் அம்பத்து மூணுண்ணா."

தட்டச்சு செய்தார். திரையைப் பார்க்க எழுந்து வரவில்லை. யாரையும் அனுப்பவில்லை. இன்னொரு தரம் கேட்கவும் இல்லை. அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.