பயணப் பாயிண்ட்டில் எடுத்த டிக்கெட்

என்னங்க,

என் தம்பி வேலை செய்யும் கட்டடத்தில் சாரம் சரிந்து, அவனுக்குத் தலையில் அடி. சாயங்காலம் ஆபரேஷன். உங்களுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் நீங்கள் விமானத்தில் போய்ப் போய்ச் சேர்த்துவைத்திருக்கும் பயணப் பாயிண்ட்டிலேயே விமான டிக்கெட் எடுத்துவிட்டேன்.

"இன்னைக்கே போறதுன்னா ரெண்டு மடங்கு பாயிண்ட் போயிடும், பரவாயில்லையாம்மா?" என்று கேட்டாள் டிக்கெட் போட்ட பெண். உங்கள் கணக்குப்படி இது சுத்த நஷ்டம்தான். அதைத் தொடவே கூடாதென்று போன வாரம் நீங்கள் போட்ட சத்தத்தையும் மறக்கவில்லை. ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் முன் அவன் என் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு அந்தப் பாயிண்ட்டின் மதிப்பு அவ்வளவுதான்.

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பாப்பா பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறாள். என் சாவியும் அங்கேதான். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். என் அம்மா போனில் கூப்பிட்டால் தம்பிக்குச் சின்னக் காயம் என்றே சொல்லுங்கள்.

இன்னொன்று. மீதிப் பாயிண்ட்டில் இன்னும் ஒரு டிக்கெட் எடுக்கலாம். நான் கூப்பிட்டு "வாங்க" என்று மட்டும் சொன்னால், ஏன் என்று கேட்காமல் கிளம்பி வந்துவிடுங்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வராது.