ஏழாம் கேள்விக்குச் சரியான பதில்

நோர்பரி, இலண்டன்
7 செப்டெம்பர் 2025, ஞாயிறு

அன்பு மகள் தர்மிகாவுக்கு அப்பா எழுதுவது,

நீ வெலிங்டனில் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஊர்க் காற்று உன்னை இன்னும் கடலுக்குள் தள்ளிவிடாமல் இருக்க வேண்டும் என்று கனக துர்க்கை அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். அடுத்ததாக, இங்கு நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அந்த வரியை இந்த முறை கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன், நீ பதற வேண்டாம், முதலில் சைக்கிள் விஷயத்தைப் பார்ப்போம். தினமும் வட்ஸ்அப்பில் முகம் பார்க்கிற காலத்தில் அப்பாவுக்கு ஏன் கடிதம் எழுதும் ஆசை வந்தது என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் போனை வாங்கிவிடுவார். இது தபாலில் உன் கைக்கு வர எட்டுப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் நான் உனக்குப் பழைய அப்பாவாகவே இருப்பேன், அதில் எனக்கும் ஒரு ஆறுதல் இருக்கிறது. எழுத்து கோணலாகப் போனால் குறை நினைக்காதே. இரண்டு முறை பேனையை வைத்துவிட்டுப் படுத்து எழும்பித்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் நீ இங்கே விட்டுப்போன உன் பழைய மவுண்டன் பைக்குக்கு மோட்டர் பூட்ட ஏலுமா என்று நான் கேட்டதும் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்பது எனக்குத் தெரியும். அப்பா ஏதோ ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டார் என்று அன்றைக்கே பதினொரு கேள்விகளை எழுதி அனுப்பினாய். மோட்டரைச் சில்லில் பூட்டுவது ஒரு வகை, பெடல் சுழலும் நடு அச்சில் பூட்டுவது இன்னொரு வகை, ஏற்றத்துக்கு நடு அச்சுத்தான் சரி, அது சைக்கிளின் கியர் வழியாகவே இழுக்கும் என்று நீ விளக்கினதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினவனுக்கு ஏற்றத்தில் கியரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கேள்விகளுக்கு நான் பதில் எழுதினேன், நீ இரண்டே நாளில் ஒரு பெரிய அட்டவணை போட்டு ஒரு மோட்டரைத் தெரிவு செய்தாய். அப்பா, இது உங்கட கால் எவ்வளவு அமத்துதோ அந்த அளவுக்குத்தான் உதவி செய்யும், மோட்டர் இருக்கிறதே தெரியாது, உங்களுக்கு நல்ல எக்சசைசும் என்று சொன்னாய். நானும் ஓம் பிள்ளை என்று சொன்னேன். பஸ் கராஜில் என்னோடு வேலை செய்த பரமேஸ்வரன் அண்ணை மட்டும் விடவில்லை, இன்டர்நெட்டில் ஆயிரம் வோட்ஸ் மோட்டர் இருக்குது, பெடலைத் தொடவே தேவையில்லை, கைப்பிடியை முறுக்கினால் பறக்கும் என்று மூன்று நாள் என் காதைத் தின்றார். அது சட்டப்படி ஓடக்கூடாது, இருநூற்றைம்பதுக்கு மேல் போனால் பொலிஸ் சைக்கிளையே கொண்டுபோய்விடும் என்று நீ சொன்னதைச் சொல்லித்தான் அவரை அடக்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு தோர்ண்டன் ஹீத் பக்கம் ரயில் பாலத்துக்குக் கீழே கடை வைத்திருக்கிற பியற்றிஸிடம் போனேன். மன்னார்ப் பெண்பிள்ளை, பிள்ளை என்றாலும் ஐம்பது தாண்டியிருக்கும், பாரிஸில் பல வருடம் சைக்கிள் வேலை பழகி இங்கே வந்தவர். கையெல்லாம் எண்ணெய், வாயில் பென்சில், முகத்தில் ஒரு சிரிப்பும் கிடையாது. உன் பதினொரு கேள்வியையும் என் பதில்களையும் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் முதலில் நடு அச்சுக் குழாயின் அகலத்தை அளந்தார். நான் அம்மாவின் தையல் டேப்பால் அளந்து எழுபது மில்லிமீற்றர் என்று உனக்கு எழுதியிருந்தேன். இந்த மாதிரிச் சைக்கிளில் அறுபத்தெட்டு இருக்கும், இல்லையென்றால் எழுபத்துமூன்று இருக்கும், எழுபது என்று ஒன்றே கிடையாதாம். உன்னுடையது எழுபத்துமூன்று, திருத்திக்கொள். என் பதில்களில் அந்த ஒரு பிழை மட்டும் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதத் தேவையில்லை.

பூட்டிப் பார்க்காமல் காசைக் கொட்டாதேங்கோ அண்ணை என்று சொல்லி, நீ தெரிவு செய்த அதே வகை மோட்டர் பூட்டின அவருடைய சைக்கிள் ஒன்றில் என்னை ஏற்றிவிட்டார். வீதி மெல்லிய ஏற்றம், நீ அதை ஏற்றம் என்றே சொல்லமாட்டாய். அவர் பக்கத்தில் நடந்து வந்துகொண்டே எத்தினை பிள்ளையள், எங்க இருக்கினம் என்று கேட்டார். ஒரே மகள், நியூசிலாந்தில் எஞ்சினியர் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை, மூச்சு இடம் கொடுக்கவில்லை. மூன்றாவது லாம்ப் போஸ்டில் காலை ஊன்றிவிட்டேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அண்ணை, நெஞ்சு வருத்தம் ஏதும் இருக்கோ என்று கேட்டார். வெயில் என்று சொன்னேன். வானத்தை ஒருமுறை பார்த்தார், அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு கடையில் என்னை இருத்தி, தேத்தண்ணி தந்து, அந்தத் தாளைக் கையில் எடுத்து வாசித்துப்போட்டு, இந்தத் தாளில இருக்கிற ஆள் வேற, கதிரையில இருக்கிற ஆள் வேற, ஆரை நினைச்சு உங்கட மகள் இந்த மோட்டரைத் தெரிவு செய்தவா என்று கேட்டார். மகளுக்கு உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ, அதுக்குப் பிறகுதான் ஓர்டர் போடுவன் என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். கோபம் வந்தது. வீடு வந்து சேருவதற்கிடையில் அந்தக் கோபத்துக்கும் தெம்பில்லாமல் போய்விட்டது.

ஆகவே பிள்ளை, பதில்களைத் திருத்துகிறேன். கதிரையில் இருந்துகொண்டு வாசி. பெப்ரவரி பதினோராம் திகதி, ஷிப்ட் முடித்து பஸ்ஸைக் கராஜில் விட்டுவிட்டு இறங்கும்போது எனக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருக்கும்போது வரவில்லை, அதற்கு அம்மனுக்கு நன்றி. பரமேஸ்வரன் அண்ணைதான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். இரண்டு இரத்தக் குழாய்களில் அடைப்பு, இரண்டுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள், ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்தக் கிழமை அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, கதைக்க ஏலாது என்று அம்மா உனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கும். நெஞ்சு இரத்தம் தள்ளும் பலம் நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேலே இருக்க வேண்டுமாம், எனக்கு முப்பத்தைந்து. பஸ் லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. கராஜில் எனக்கு ஒஃபிஸ் வேலை தந்துவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னது பொய், நான் பெப்ரவரியிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். நிறை எண்பத்துநான்கு கிலோ என்று எழுதினேன், உண்மையில் அறுபத்தொன்பது. வீடியோவில் கதைக்கும்போது போன் எப்பவும் சீலிங்கைக் காட்டுகிறது, உங்களுக்குப் போன் பிடிக்கவே தெரியாது என்று நீ சிரிப்பாய். எனக்குப் பிடிக்கத் தெரியும் பிள்ளை.

ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்பாய், கேட்க வேண்டியதுதான். உன் நிரந்தர வதிவிட அலுவல் முடிகிற நேரம், இதைக் கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நீ அடுத்த பிளேனில் வந்து நிற்பாய் என்று பயந்தோம். அவள் அங்க தனிய நிண்டு அழுவாள், சொல்லாதேங்கோ என்று அம்மா ஆஸ்பத்திரியிலேயே சத்தியம் வாங்கிவிட்டார். ஜூலையில் உனக்கு அது கிடைத்த பிறகும், இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்றார். அம்மாவைக் கோபிக்காதே. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்த கையோடு இரண்டு ரயில் மாறி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்வருகிறார், சும்மா போய்வந்தேன் என்று உனக்குச் சொன்னதெல்லாம் சும்மா இல்லை. அவரும் நன்றாகக் களைத்துவிட்டார்.

நெஞ்சு வருத்தக்காரனுக்கு ஏன் சைக்கிள் என்பது அடுத்த கேள்வி. பியூலா ஹில் ஏற்றத்தில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால், லொலிபொப் தடி என்கிற வட்டப் பலகைத் தடியோடு நின்று பிள்ளைகளை வீதி கடக்கவிடும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம், அரைத்தவணை லீவு முடிந்து நவம்பர் மூன்றாம் திகதி தொடங்குகிறது. ஆஸ்பத்திரி நேர்ஸிடம் கேட்டேன், மோட்டர் இருந்தால் சைக்கிள் ஓடலாம், ஆனால் ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் கதைக்க ஏல வேண்டும், ஏலாவிட்டால் இறங்கிவிட வேண்டும் என்று சொன்னார். அந்த ஏற்றத்துக்குப் பஸ் போகிறதே என்று நீ சொல்வாய். போகிறது, அது நான் ஓட்டின பஸ். ஓட்டுகிற எல்லாரையும் எனக்குத் தெரியும். மார்ச்சில் ஒரு நாள் ஏறினேன், டிரைவர் கார்டைத் தட்ட விடாமல் கையைப் பிடித்து, நீ ஏறி உட்கார்ந்தால் போதும், உனக்கு இனி ரெஸ்ட்தான் என்று இங்கிலிஷில் அன்பாகத்தான் சொன்னான். அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்துவிட்டேன். இது வீண் ரோஷம் என்று எனக்குத் தெரியும். பழைய டீசல் காரை, புகைக்காக நாளுக்கு நாள் அறவிடுகிற வீதிக் கட்டணத்துக்குப் பயந்து எப்போதோ விற்றாயிற்று. மிச்சம் இருப்பது உன் சைக்கிள்தான்.

இப்போது மோட்டர். காலின் பலத்தை அளந்து உதவி செய்கிற வகை எனக்குச் சரிவராது, அளக்கிறதுக்குப் பலம் இருக்க வேண்டுமே. பியற்றிஸிடம் இன்னொரு வகை இருக்கிறது. அதில் பெடல் சுழன்றால் போதும், கால் எவ்வளவு அமத்துகிறது என்று அது பார்க்காது, அதுபாட்டுக்கு இழுக்கும். பெடலை நிறுத்தினாலும் ஒரு கணம் இழுத்துக்கொண்டு போகுமாம், அதனால் பிரேக் பிடித்தவுடன் மோட்டரை நிறுத்துகிற பிரேக் கைப்பிடிகளையும் மாற்ற வேண்டும். அதிலே ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமத்திக்கொண்டு இறங்கி நடந்தால் சைக்கிள் நம்மோடு நடை வேகத்தில் தானே உருண்டு வரும். பியற்றிஸ் காட்டினபோது அந்தப் பொத்தான்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, ஏறமுடியாத நாளில் சைக்கிளை நான் தள்ளாமல் சைக்கிள் கூடவே வரும் என்பது பெரிய நிம்மதி. பற்றரி பெரிய கம்பனியுடையது, அதற்கென்று வந்த சார்ஜரோடுதான் வாங்குவேன், எங்கள் கட்டடத்துப் பொது நடைபாதையில் சார்ஜ் போடக்கூடாது என்று கவுன்சில் கடிதம் அனுப்பியிருக்கிறது, கழற்றிக் கொண்டுவந்து குசினியில் கண் முன்னால் வைத்துத்தான் போடுவோம். இவற்றை உன் அட்டவணையில் போட்டுப் பார், பிழை இருந்தால் சொல்லு. ஏழாம் கேள்வி, எந்த ஏற்றத்தையும் நிற்காமல் ஏறுவீர்களா என்று கேட்டிருந்தாய், ஓம் என்று எழுதியிருந்தேன். இல்லை என்று மாற்று.

நான் லண்டனுக்கு வந்து விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் ஊரிலிருந்து என் அப்பாவின் கடிதம் ஒன்று வந்தது. இங்கு யாவரும் நலம், நீ எதற்கும் யோசிக்காதே என்று எழுதியிருந்தார். அவர் போய்விட்டார் என்ற செய்தி எனக்குப் போனில் வந்து நாலாவது நாள் அந்தக் கடிதம் வந்தது. எழுதும்போதே படுக்கையில்தான் இருந்திருக்கிறார். அவர் என்னில் வைத்த அன்பில்தான் அப்படி எழுதினார் என்பது தெரியும், ஆனாலும் அந்த ஒரு வரிக்காக இன்றுவரை அவரோடு எனக்குக் கோபம் இருக்கிறது. அதே வரியை உனக்கு ஏழு மாதமாக நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று பியற்றிஸின் கடைக் கதிரையில் இருந்தபோதுதான் உறைத்தது.

ஒக்டோபரில் வந்து நானே பூட்டித் தாறன் அப்பா என்று நீ கேட்டாய். வேண்டாம், வீண் செலவு, லீவை மிச்சம் பிடி, இங்கே ஆள் இருக்கிறது என்றேன். நீ ஒவ்வொரு வருடமும் வரட்டுமா என்று கேட்பதும் நான் வேண்டாம் என்பதும் நமக்குள் பழக்கமாகிவிட்டது. பியற்றிஸ் ஒரு மணித்தியாலத்தில் பூட்டிவிடுவார், என்னைவிட உன்னைவிட நன்றாகப் பூட்டுவார். இருந்தாலும் மகளுக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன், அவள் சரி என்றதும் மோட்டர்ப் பெட்டியை மட்டும் எடுத்துத் தாருங்கள், பூட்ட வேண்டாம் என்று நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வா பிள்ளை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. முதல் நாள் அந்த ஏற்றத்தில் நீ பக்கத்தில் நடந்து வந்து என்னோடு கதை கேட்டால், நான் முழு வசனமாகப் பதில் சொல்கிறேனா என்று நீயே பார்த்துக்கொள்ளலாம்.

வேளைக்குச் சாப்பிடு, காற்று நாளில் பாலத்தின் மேல் சைக்கிள் ஓடாதே. இதை வாசித்ததும் அம்மாவுக்குப் போன் அடிக்காதே, முதலில் எனக்கு அடி, நான் வெளியே போய் நின்று கதைக்கிறேன், இந்த முறை போனைச் சரியாகப் பிடிப்பேன். அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பாள், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. பெடல் தண்டு கழற்றுகிற உன் சாவியை நீ போகும்போது கொண்டுபோய்விட்டாய், மறக்காமல் கொண்டு வா. பியற்றிஸிடம் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நீ கொண்டு வா. முதலில் எழுதாமல் விட்ட அந்த நலம் வரியை, வந்து எங்களைப் பார்த்துவிட்டு நீயே சொல்லு.

இப்படிக்கு
அறுபத்தொன்பது கிலோ நிறையுள்ள உன் அப்பா
பாலேந்திரா