திறந்த வண்டியா, மூடின வண்டியா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் குறை சொல்ல முடியாத அளவுக்கு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அதைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். போனில் பேசலாமென்றால் உனக்கு அவசரம், எனக்கு மூச்சு வாங்குகிறது, நடுவில் சின்னவள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள், அதனால்தான் எழுதிவிடலாம் என்று மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். வேலையை விட்டு இன்றோடு பத்து வாரம் ஆகிறது. ஓய்வு எடுத்தால் வற்றிவிடும் என்று எல்லாரும் சொன்ன கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது, உட்கார்ந்த பிறகுதான் போக வேண்டிய இடம் ஒன்றுமில்லை என்று அதற்கு ஞாபகம் வருகிறது. சலிப்பாக இருக்கிறது கண்ணு, வேலை செய்தபோது இருந்த சலிப்பு வேறு, இது வேறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ அப்பாவைக் கூப்பிட்டு, இந்த வயசுல உங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதா, அம்மா அந்தச் சலவைக்கூடத்துல வெந்து சம்பாதிச்ச காசுப்பா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாயாமே. அவர் எல்லாவற்றுக்கும் ம் ம் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். யாரு என்று கேட்டேன், பொண்ணுதான், சும்மா விசாரிச்சா என்றார். நீ திட்டினது ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கார் ஆசை அப்பாவுக்கு இல்லை, எனக்கு. அவர் ஒரு வார்த்தை, நான் இல்லம்மா, உங்கம்மாதான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், அதைக்கூடச் சொல்லாமல் எனக்கு விழ வேண்டிய திட்டையும் தானே வாங்கிக்கொண்டார். அதனால் நீ அவரிடம் ஒருமுறை நன்றாகப் பேசு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும், வெயில் எப்படி, முதுகு எப்படி என்று கேள், போதும்.

எனக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்பாய். நான் வேலை பார்த்த இடத்தை நீ சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாய், ஆஸ்பத்திரிக்கு அடியில், படி இறங்கி, இரண்டு கதவு தாண்டி. இருபத்தாறு வருஷம் அங்கே ஒரு ஜன்னல் கிடையாது. எந்நேரமும் டியூப் லைட், ஆவி, துணி உலர்த்துகிற மிஷின் போடும் சத்தம். எந்த வார்டு வண்டி வருகிறது என்பதை வைத்துத்தான் மணி தெரியும், பிரசவ வார்டு விரிப்பு வந்தால் பத்து, ஆபரேஷன் பச்சைத் துணி வந்தால் இரண்டு. வேலை முடிந்து மேலே ஏறி வந்தால் தரை ஈரமாக இருக்கும், ஓ இன்றைக்கு மழை பெய்திருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். எத்தனை மழையை இப்படித் தரையைப் பார்த்தே தெரிந்துகொண்டேனோ. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ் ஓடவில்லை, வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எலும்பு டாக்டரம்மா தன் காரில் வந்தவர் என் சீருடையைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் போறீங்க, ஏறுங்க என்றார். இரண்டே சீட்டு, அதில் ஒன்றில் அவருடைய ஃபைல், அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பட்டனை அமுக்கினார், தலைக்கு மேலே இருந்த கூரை அப்படியே பின்னால் மடங்கிப் படுத்துக்கொண்டது. நம் தெரு முனை வரைக்கும் பதினோரு நிமிஷம். இறங்கும்போது தலைமுடி முகமெல்லாம் கிடந்தது, நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது.

வேலையை விட்ட பிறகு இதை அப்பாவிடம் மெல்ல எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. வாங்கலாம், ஆனா மூடின வண்டியா பாரு என்றார், அவ்வளவுதான். பழைய கார் விற்பவரிடம் போனோம். நல்லவேளையோ கெட்டவேளையோ, ஒரே மாதிரி வண்டி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன, இரண்டும் சிவப்பு, ஒன்றுக்குத் துணிக்கூரை, கையாலேயே திறந்து மூடலாம், இன்னொன்றுக்குக் கெட்டிக்கூரை, திறக்க முடியாது. விற்பவர் எல்லாவற்றையும் அப்பாவைப் பார்த்தே சொன்னார், சார் பிக்கப் பாருங்க, சார் டயர் பாருங்க என்று, நான் ஏதோ கூட வந்த பை மாதிரி நின்றேன். கடைசியில் அப்பா, ஓட்டப்போறது அவங்க, அவங்களுக்குச் சொல்லுங்க என்றதும் மனுஷன் திரும்பி என் செருப்பைப் பார்த்தார். உனக்குத்தான் தெரியுமே, முதுகு பிடித்துக்கொண்டு அப்பாவால் ஓட்ட முடியாமல் போன வருஷம் அவரே உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார், ஒருநாள்கூடக் கத்தவில்லை.

மறுநாள் அப்பா தன்னோடு ஆம்புலன்ஸ் டெப்போவில் இருந்த மெக்கானிக் கண்ணாடி மாமாவைக் கூட்டிவந்தார். அவர் இரண்டு வண்டிக்கும் அடியில் படுத்து எழுந்து, எஞ்சின்ல ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல, கல்யாணத்துக்குப் பார்த்த அக்கா தங்கச்சி மாதிரி, குணம்தான் வேற என்றார். துணிக்கூரை என்றால் வேகத்தில் காது இரையும், வெயிலில் துணி வெளுக்கும், ஓரத்துத் தண்ணீர்த் துளையில் சருகு அடைத்தால் சீட்டுக்குள் குளம் கட்டும், மடித்தால் பின்னால் ஒரு பை வைக்கக்கூட இடமில்லை. கெட்டிக்கூரைக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை, குலுங்காது, ஒழுகாது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கேட்டியா, கேட்டியா என்று என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் ஒழுகாத கூரைக்குக் கீழேதான் இருந்தேன், எனக்கு ஒழுகினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை, உப்பு எங்கே, துண்டு எங்கே என்பதோடு சரி.

நான்காம் நாள் அவரே, வா, ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணு என்று கூப்பிட்டார். மூடின வண்டியை முதலில் ஓட்டினேன், நல்ல வண்டி, சொன்ன பேச்சு கேட்கிறது, ஆனால் உட்கார்ந்ததும் சலவைக்கூடத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. பிறகு திறந்தது. கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினேன். அப்பா பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், கதவுக் கைப்பிடியைப் பிடித்தவர் விடவில்லை. ஏரிக்கரை வளைவுக்கு வந்தபோது, நிறுத்து என்றார். ஓரம் கட்டினேன். இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாந்தி வருகிறதோ என்று தண்ணீர் எடுத்துப்போனேன். வாங்கிக் குடிக்கவில்லை, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

உனக்கே தெரியும், இருபத்தொன்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினார், வீட்டுக்கு வந்தால் இன்னிக்கு அஞ்சு ட்ரிப், இன்னிக்கு ஏழு ட்ரிப், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அன்றைக்குச் சொன்னார். இப்படித்தான் ஒரு வளைவில் கூரை திறந்த கார் ஒன்று கவிழ்ந்து கிடந்ததாம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், நம் வயதுகூட இல்லையாம் அப்போது. அந்த ஆள் அங்கேயே முடிந்துவிட்டான். அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து வழி முழுக்க, எங்க வீட்டுக்காரர் எங்க, எங்க வீட்டுக்காரர் எங்க என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம். இங்கதாம்மா, முன் சீட்டுல எம்பக்கத்துலதான் உக்காந்திருக்காரு என்று இவர் சொன்னாராம். அப்ப ஏன் பேச மாட்டேங்கறாரு என்று கேட்டிருக்கிறாள். மயக்கமா இருக்காரும்மா, காத்து வாங்கிக்கிட்டு வர்றாரு என்று சொன்னாராம். ஆஸ்பத்திரி வருவதற்குள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிழைத்துக்கொண்டாளாம், அது அப்பாவுக்குப் பிறகு தெரிந்தது, ஆனால் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை, பொய் சொன்ன குரல்னு கண்டுபிடிச்சிடுவா இல்ல என்றார்.

எப்போது நடந்தது இது என்று கேட்டேன். நீ நம்ம பொண்ண வயித்துல சுமந்துக்கிட்டிருந்தப்ப என்றார். எனக்குப் பளிச்சென்று அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்தவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை, நான் கதவைத் தட்டி, தண்ணி என்ன உங்க தாத்தா வீட்டுச் சொத்தா என்று கத்தினேன். அவர் வெளியே வந்து, மன்னிச்சுக்கோ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானும் அதே ஆஸ்பத்திரியில்தானே பிறகு வேலைக்குச் சேர்ந்தேன், அவர் கொண்டுவந்து இறக்கின ஆட்களின் விரிப்பைத்தானே துவைத்தேன், ஒருநாள்கூட ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. அலுப்பில் தூங்கிவிடுவோம்.

நான் கூரையை மூடி, மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து, மூடின வண்டியையே எடுத்துக்கலாங்க என்றேன். மனசாரத்தான் சொன்னேன், பாதி மனசு என்று நினைக்காதே. இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் கையெழுத்துப் போடப் போனோம். பேனாவை எடுத்துவிட்டேன், அப்பா என் கையைப் பிடித்து, இது வேணாம், அதையே எடு என்றார். ஏன் என்று கேட்டதற்கு, இதை வாங்கினா நீ சாகற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்ல மாட்ட, அது எனக்குத் தெரியும், அதைத்தான் என்னால தாங்க முடியாது என்றார். விற்பவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ சொல்லட்டுமா சார் என்று எழுந்து போய்விட்டார். வண்டி கவிழ்ந்தாலும் தலை நசுங்காமல் இருக்கச் சீட்டுக்குப் பின்னால் தலைக்கு மேலாக நிற்கிற இரும்பு வளைவைக் கண்ணாடி மாமாவை வரவழைத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லி, தானும் தொங்கிப் பார்த்து, அதன் பிறகுதான் அப்பா என்னைக் கையெழுத்துப் போட விட்டார்.

வண்டி வந்து இருபது நாள் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ நிம்மதியாவாய், ஆனால் அப்படி இல்லை. கூரை மூடியிருந்தால் அப்பா ஏறுகிறார், மருந்துக் கடை வரை, பல் டாக்டர் வரை. திறந்தால் ஏறுவதில்லை. நான் காலையில் தனியாக எடுத்துப்போகிறேன், நன்றாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை, நெற்றியில் காற்று படும்போது இந்தக் கால் வீக்கம் யாருக்கோ என்பது போல் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்தால் அவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். ஏன் நிக்கறீங்க என்றால், சும்மா, பேப்பர்காரர் வரலை என்கிறார். பேப்பர் உள்ளே மேஜைமேல் கிடக்கும். அதனால் ஏரியைச் சுற்றி வருவதை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறேன். என் ஆசையை அவர் விட்டுக்கொடுத்து வாங்கித் தந்தார், அதை நான் பாதியாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். நானும் அவரும் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறோம் போல.

உனக்குச் சொல்ல நினைத்தது ஒன்றுதான். மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே தண்ணீர்க் கணக்கு, கரண்டுக் கணக்கு பேசாதே. என்ன ஆச்சு என்று ஒரு தடவை கேட்டு வை. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டது இருக்கும். நீயும் உன் ஆபீஸ் விஷயத்தை எல்லாம் உள்ளேயே அமுக்கி வைத்துக்கொள்ளாதே, நீ என் பெண், எனக்குத் தெரியும்.

நேற்று சாயங்காலம் நடந்ததை எழுதிவிட்டு முடிக்கிறேன். கொடியில் துணி எடுக்கப் போனேன். வண்டி முற்றத்தில் நின்றது, கூரை மடங்கிக் கிடந்தது. நான் திறந்து வைக்கவில்லை. அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார், ஓட்டுகிற சீட்டில் இல்லை, பக்கத்து சீட்டில், பெல்ட்டும் போட்டிருந்தார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, சாவிகூட என் இடுப்பில். அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது, யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார் போல. காதில் விழவில்லை. நான் துணியை எடுக்காமலே உள்ளே வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக் கூரை மூடுகிற சத்தம் கேட்டது, பிறகு துணியை அவரே எடுத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், மூலைக்கு மூலை சரியாக.

இதை நீ அவரிடம் கேட்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, சின்னவளின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். உன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா