மேட்டில் அவன் சொன்னது

ஓகஸ்ட் 6, 2024

பழைய மனேஜர் விலகிவிட்டார். சீசன் முடியும்வரை பேஸ்போல் அணியை நான் நடத்த வேண்டும். பத்தொன்பது வருடம் பிட்சிங் கோச். பாதி ஆயுள் பஸ்ஸிலேயே போயிற்று. அடுத்தவன் எறிந்த பந்துகளை எண்ணியே தலை நரைத்தவனுக்கு இப்போதுதான் கதவு கொஞ்சம் திறக்கிறது. இறுதிச்சுற்றுக்குப் போனால் பதவியை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொன்னார்.

மனைவி வேரோனிக்கா துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். "எழுத்தில தந்தவங்களோ?" என்றாள்.

ஓகஸ்ட் 11

றொய்சன் இன்று ஒன்பதில் ஆறு இன்னிங்ஸ் எறிந்தான். முப்பத்தொரு வயது, பந்தெறிபவர்களில் எங்கள் அணியின் முதல் பிட்சர். ஸ்காபரோவில் எங்கள் பங்குக் கோயில்தான் அவனுக்கும். "ஊர்ப் பெடியள் எல்லாம் கிரிக்கெட் விளையாட, நீங்கள் ரெண்டு பேரும் மட்டும் எங்கையடா வழி மாறினீங்கள்?" என்று எங்கள் கோயில் கிளிபோட் அங்கிள் இன்றைக்கும் கேட்டார்.

பிட்சர் களைத்தால் மனேஜர் நடந்து அவன் நின்று எறியும் மேட்டுக்குப் போக வேண்டும். அவனைத் தொடர்ந்து எறிய விடுவதா, பந்தை வாங்கிக்கொண்டு அனுப்புவதா என்று அங்கேதான் முடிவு. எதிரணி வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துவிடும் என்று எல்லோரும் கையுறையால் வாயை மூடிக்கொள்வார்கள். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. தமிழில் பேசுவோம். "உவன் பதிஞ்ச பந்துக்குத்தான் அடிப்பான், ஏத்திப் போடு" என்றேன் இன்று. பந்து பிடிக்கிற எங்கள் கச்சர், தமிழ் தெரியாதவன், நடுவில் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். றொய்சனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஓகஸ்ட் 29

ஐந்து வெற்றி தொடர்ச்சியாக. எனக்கே நம்ப முடியவில்லை.

செப்ரெம்பர் 8

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

அரையிறுதி. ஏழாவது இன்னிங்ஸ். ஒரு ஓட்டம்தான் முன்னுக்கு நின்றோம். எறியும்போது றொய்சனின் முழங்கை இறங்கத் தொடங்கியதை நான் முதலே கண்டுவிட்டேன். மேட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்க முதல் அவன் சொன்னான்: "அண்ணை, முழங்கைக்குள்ள என்னவோ இழுக்குது. சின்னவிரல் விறைச்சுப் போச்சு."

அது என்னவென்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

"இன்னும் ரெண்டு பேர்தானடா. எனக்காக எறி."

என்னைப் பார்த்தான். "ஓம் அண்ணை" என்றான்.

திரும்பி வந்தபோது அணியின் காயம் பார்க்கிற பிசியோ கேட்டாள், என்ன சொன்னான் என்று. கை வேர்த்துப் பந்து வழுக்குதாம் என்றேன். கச்சர் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு என்ன விளங்கும்?

முதலாமவன் அவுட். இரண்டாமவனுக்கு மூன்றாவது பந்து - எறிந்த கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். மிச்சத்தை வேறொருவன் எறிந்தான். வென்றோம். என்மேல் தண்ணீர் ஊற்றினார்கள்.

செப்ரெம்பர் 12

றொய்சனின் முழங்கைத் தசைநார் முழுதாக அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை, பிறகு ஒன்றரை வருடம். இந்த லீக்கில் முப்பத்தொரு வயதுக்காரனுக்காக யார் காத்திருப்பார்கள்?

கழகம் அறிக்கை எழுதுகிறது. மேட்டில் நோவைப் பற்றி ஏதாவது சொன்னாயா என்று அவனிடம் கேட்டார்கள். இல்லை என்றான். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

நான் ஏன் பேசவில்லை? வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா?

செப்ரெம்பர் 15

பூசையில் நற்கருணை வாங்கப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று வேரோனிக்காவிடம் சொன்னேன்.

ஒக்ரோபர் 3

இறுதிச்சுற்றில் தோற்றோம். இருந்தும் இரண்டு வருட ஒப்பந்தம் தந்திருக்கிறார்கள். கையெழுத்திட்டேன். கிளிபோட் அங்கிள் மண்டபம் எடுத்து எனக்குப் பாராட்டு விழா வைக்கப் போகிறாராம். வேண்டாம் என்றேன். "சும்மா அடக்கம் காட்டாதை" என்கிறார்.

நவம்பர் 16

இருநூறு பேர். குத்துவிளக்கு, மாலை, சாப்பிட ரோல்ஸ், பற்றிஸ். றொய்சன் வரவில்லை. அவன் தாய் பிலோமினா அக்காவைப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டார்கள். போர்த்திவிட்டு மைக்கில் சொன்னார்: "என்ர பிள்ளைக்கு இப்பிடி ஒரு கஷ்டம் வந்தாலும், வின்சன்ற் தம்பி பக்கத்தில நிண்டவர் எண்டு எனக்கு ஒரு ஆறுதல்."

அதுக்கு மேல் என்னால் முடியவில்லை. மைக்கை வாங்கினேன். அவன் சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அங்கே எல்லோருக்கும் தமிழ் தெரியும்.

"அவன் நோகுது எண்டு சொன்னவனோ?" அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா."

"சொல்லியும் எறிய விட்டனீங்களோ?"

"ஓம்."

மனிசி ஏசவில்லை. கன்னத்தில் அறைந்திருக்கலாம். கைப்பையை எடுத்துக்கொண்டு, கதிரைகளுக்கு நடுவே மெல்ல மெல்ல நடந்து வெளியே போனார்.

நவம்பர் 18

முதலாளியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு வசனத்தில் முடிந்துவிட்டது. ஒப்பந்தம் இரத்து. வேரோனிக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அழுதேன்.

மே 11, 2025

சீசன் தொடங்கிவிட்டது. யார் மனேஜர் என்று நான் பார்க்கவில்லை.

றூஜ் பூங்காவைத் தாண்டிக் கார் ஓட்டி வந்தேன். புல்லில் றொய்சன். எதிரே அவனுடைய சின்ன மகள், கைக்குப் பெரிய கையுறையோடு. ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கதவையும் திறந்துவிட்டேன்.

அவன் எறிந்தான். பந்து அவளிடம் போய்ச் சேரவில்லை, பாதியில் விழுந்து உருண்டது. திரும்ப எறிந்தான். திரும்பவும் பாதியில்.

பிள்ளை நாலு அடி முன்னுக்கு வந்து நின்றுகொண்டாள்.