மாமனார் காத்த தணல்

ரோஸியின் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ரோஸி ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டாள். நான் தோட்டத்தில் களை பிடுங்கும் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டேன். அதனால் தோட்டத்தார் கொடுத்த லயத்து வீடு நம்மிடமே இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

சொல்ல வந்தது என் அப்பாவைப் பற்றி.

எண்பத்து நான்காம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? உங்களைக் கட்டிக்கொண்டதற்காக அப்பா என்னோடு பேச்சை நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்தது. நீங்கள் கிறிஸ்துவ வேதக்காரர் என்பதைக்கூடப் பொறுத்திருப்பார். மாட்டிறைச்சி சமைக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று விடிந்ததுமே வீட்டின் பின்புறம், மூடி போட்ட டிரம்மில் ரப்பர் மரத்துக் கித்தாக் கட்டையை எரித்து, தணலை ஒரு ஓரமாக ஒதுக்கினீர்கள். உப்பும் மிளகும் பூண்டும் தடவிய மாட்டு விலா எலும்பை மறு ஓரத்தில் வைத்து மூடினீர்கள். தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் தகடுகளைப் புகையில் காயவைக்கிறவர் நீங்கள். நெருப்பு கொழுந்து விடக்கூடாது, புகைதான் வேலை செய்ய வேண்டும் என்பீர்கள். ஆறு மணி நேரம் ஆகும். எனக்கு அந்த வாசனையே ஆகாது. வருஷத்தில் ஒரு நாள்தானே என்று விட்டுவிடுவேன்.

பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், ரவாங் டவுனிலிருந்து பஸ் ஏறி அப்பா வந்து நின்றார். பேத்தியைப் பார்க்க வேண்டுமாம்.  பின்பக்கம் ஓடிவந்து எல்லாவற்றையும் அணைத்துக் கொட்டச் சொன்னேன். நீங்கள் உடனே தண்ணீர் வாளியைத் தூக்கினீர்கள். மனதுக்குள் என்மேல் கோபம் இருந்ததா? கடைசிவரை நான் கேட்கவே இல்லை.

அப்பா என் பின்னாலேயே வந்துவிட்டார். டிரம்மையும் வாளியையும் பார்த்தார்.

"எவ்ளோ நேரமா வேகுது?"

"மூணு மணி நேரம் ஆச்சு மாமா. பரவால்ல, அணைச்சிடுறேன்."

"வேணாம் மாப்பிள்ள. நான் சாப்புட மாட்டேன். அதுக்காக நீங்க ஏன் பாதியில விடணும்?"

அன்றுதான் முதன்முதலாக உங்களை மாப்பிள்ளை என்றார். நீங்கள் வாளியைக் கீழே வைத்த பதற்றத்தில் பாதித் தண்ணீர் உங்கள் காலிலேயே கொட்டியது.

அவருக்கு மீன் வாங்க நீங்கள் கோலா சிலாங்கூர் பாசாருக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினீர்கள். திரும்பி வரும்வரை அப்பா டிரம் பக்கத்தில் குந்தியிருந்து தணலைப் பார்த்துக்கொண்டார். ஒரு முறை கட்டை பற்றிக்கொண்டது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாம்பலை அள்ளிப் போட்டு அடக்கினார். மத்தியானம் ஒரே பாயில் உட்கார்ந்து அவர் மீன் குழம்பும் நீங்கள் எலும்பும் சாப்பிட்டீர்கள். குழம்புச் சட்டியோடு நின்று நான் அழுதேன்.

போன வாரம் அப்பா வந்திருந்தார். உங்கள் முதல் நினைவு நாளுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். சர்ச்சில் பூசை வைத்து, உங்கள் புகைக்கூடத்துக் கூட்டாளிகளுக்குச் சோறு போடலாம் என்றிருக்கிறேன் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மாப்பிள்ளைக்குப் புடிச்சது அந்த எலும்புதானே? நானே போய் வாங்கியாரேன். எந்தக் கடைன்னு மட்டும் சொல்லு."

வருஷா வருஷம் காவடி எடுக்கிற மனுஷர், மாட்டிறைச்சிக் கடை வாசலில் நிற்கப் போகிறார். இது உங்களுக்குத் தெரியாமல் போகிறதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த இறைச்சியை நான் தொட்டதே இல்லை. இந்த முறை உப்பும் மிளகும் என் கையால் தடவுவேன், இது சத்தியம். ருசி மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள். அதை ரோஸி சாப்பிட்டுச் சொல்வாள்.

உங்கள் வீட்டுக்காரி,
தனலெட்சுமி