மலர் விட்டுவைத்த முதல் வரி

ஆவணி 12, செவ்வாய்

பின்னேரம் மலர் வந்தாள். பிரதேச சபைத் தேர்தலில் அவள் நின்றபோது, குடும்பப் பெண்ணுக்கு மேடை எதற்கு என்று சொன்னவள் நான். அது அவளுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வரப்போகும் சாராயக்கடைக்கு எதிராக மனு கொண்டுவந்திருந்தாள். நாளை முல்லைத்தீவுக் கச்சேரியில் அரச அதிபரிடம் கொடுக்க வேண்டுமாம்.

“ரீச்சர், முதல் கையெழுத்து நீங்கள் வையுங்கோ. நீங்கள் வைச்சால் ஊரே வைக்கும்.”

“இவரிட்டை ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுறன்.”

சிரித்தாள். “எட்டாம் வகுப்பிலை எனக்கு மதுவிலக்குப் பேச்சு எழுதித் தந்தனீங்கள். அப்ப ஆரிட்டைக் கேட்டனீங்கள்?”

மனுவை வாங்கி மேசையில் வைத்தேன். கடைக்கு அனுமதி எடுத்துக் கொடுத்தது எங்கள் கட்சிக்காரர். அப்பா வாக்களித்த கட்சி, நானும் யோசிக்காமல் வாக்களித்து வரும் கட்சி. என் கணவர்தான் அதன் கிளைச் செயலாளர்.

சாப்பிடும்போது இவர், “என்ன கடதாசி அது?” என்றார்.

“பள்ளிக்கூட அலுவல்” என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

இப்போதுதான் விரித்துப் பார்த்தேன். மலர் இரண்டாவது வரியில் கையெழுத்து வைத்திருக்கிறாள். முதல் வரி எனக்காக வெறுமையாகக் கிடக்கிறது. பத்தாவது வரியில் வைத்தால் என்ன என்றும் யோசித்தேன். வகுப்பில் கடைசி வாங்கில் போயிருந்து ஒளியும் பிள்ளைகளை எத்தனை தரம் முன்னுக்குக் கூப்பிட்டிருப்பேன்.

காலை ஏழு மணிக்கு வருவாள். என் கையில் இருப்பது கொப்பி திருத்தும் சிவப்புப் பேனை. நீலப் பேனை இவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. சட்டை கதவில் தொங்குகிறது. எழும்பிப் போய் எடுக்க வேண்டும்.