ஜோசஃபின் போட்ட இரண்டு கையெழுத்து

4.3.2024
இன்று ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்தேன். ஊசி குத்தியது என் மனைவி ஜோசஃபினுக்கு. எட்டு மாத வயிற்றோடு அவள் தெம்பாக உட்கார்ந்திருக்க, தொண்ணூற்றெட்டுக் கிலோ நான் தரையில். தூக்க இரண்டு நர்ஸ், வாசலில் காவல் நிற்கும் ஒரு ஜாகா. ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். என்னைத் தூக்க இன்னொரு ஃபோர்க்லிஃப்ட் வந்திருக்க வேண்டும்.

கண் விழித்தால், ராஜினி என்கிற ஆராய்ச்சி நர்ஸ் குடிக்க ஒரு கப் மைலோ நீட்டுகிறாள். நான் கிடந்த நேரத்தில் ஜோசஃபினிடம் கையெழுத்து வாங்கிவிட்டாளாம். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியில் மிஞ்சும் ரத்தத்தை எடுப்பார்களாம். எந்தப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை முற்றும் என்று அதை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ஆராய்ச்சி. ரத்தத்தில் மஞ்சள் அளவு கூடினால் டாக்டருக்கு உடனே தகவல் போகுமாம்.

அப்பன் என்று ஒருவன் தரையில் கிடக்கிறானே — எழுந்திருக்கும் வரை பொறுக்க முடியாதா?

5.3.2024
ஜோசஃபினோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

29.3.2024
மகள். இரண்டு கிலோ எண்ணூறு. மூக்கு என்னுடையது, பாவம்.

ராஜினி ரத்தக் குழாயோடு வார்டு வாசலில் நின்றாள். என்னைக் கேட்காமல் வாங்கிய கையெழுத்தும் அந்த மைலோவும் ஞாபகத்துக்கு வந்தன. வேண்டாம், கொட்டிவிடுங்கள் என்றேன்.

"அக்காதான் சொல்லணும், அண்ணே."

"அவதான் சொல்லச் சொன்னா."

பச்சைப் பொய். ஜெயித்த மாதிரி இருந்தது. கேன்டீனில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

1.4.2024
வீட்டுக்கு வந்த மறுநாளே பிள்ளையின் கண்ணெல்லாம் மஞ்சள். கிள்ளான் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடினோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உடம்பு ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். கண்ணைக் கட்டி நீல விளக்கடியில் போட்டிருக்கிறார்கள்.

என்னடா பண்ணி வெச்சிருக்க, கபிரியேல் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

2.4.2024
ராஜினி பார்க்க வந்தாள். ஜோசஃபின் பிடித்துக்கொண்டாள். "ரத்தம் எடுத்தீங்கல்ல? ரிசல்ட் எங்க? எம்பிள்ளை என்ன உங்களுக்கு எலியா?"

ராஜினி என்னைப் பார்த்தாள். ஜோசஃபினும் என்னைப் பார்த்தாள், நானும் சேர்ந்து ஏசுவேன் என்று. நான் நீல விளக்கைப் பார்த்தேன்.

"ரிசல்ட் இல்லக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு ராஜினி வெளியே போனாள். பின்னாலேயே போனேன்.

"நீங்களே சொல்லிடுங்க, அண்ணே."

"சொல்றேன்லா."

3.4.2024
சொல்லவில்லை.

6.4.2024
பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். மஞ்சள் இறங்கிவிட்டது, ஜோசஃபினின் கோபம் இறங்கவில்லை. ராஜினி மேல் ஆஸ்பத்திரிக்குப் புகார்க் கடிதம். அவள் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். அலட்சியம், திமிர், வேலையை விட்டே எடுக்க வேண்டும் — எதையும் குறைக்கவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்க, ஒற்றைக் கையால் கையெழுத்துப் போட்டாள்.

அவள் சொல்லாமல் நானாகச் சேர்த்த கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை: ரத்தத்தைக் கொட்டச் சொன்னது பிள்ளையின் அப்பாவாகிய நான்தான். என் மனைவிக்குத் தெரியாது.